நான்கு பால்பற்கள்

என் பேத்திக்கு இப்போது நாலரை வயது. மேல் வரிசையில் முன்பற்கள் நான்கும் இல்லை. சிரித்தால் ஈறுதான் தெரியும். 'ச' வருகிற இடத்தில் நாக்கு முன்னால் வந்து வெறும் காற்றாகப் போய்விடும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதற்குள் பல் விழுந்துவிட்டதா என்று கேட்பார்கள். அவளிடம் அதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. "சைதாப்பேட்டை தாத்தா மிட்டாய் குடுத்தாரு, பல்லு கெட்டுப்போச்சு" என்பாள். மனப்பாடச் செய்யுள் போல ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சொல்வாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒன்றரை வருஷத்துக்கும் மேல் அப்படி நின்றிருக்கிறேன்.

சைதாப்பேட்டை தாத்தா என் மருமகனின் அப்பா, என் சம்பந்தி. அவர் இன்று உயிரோடு இல்லை. அவர் அந்தப் பற்களைக் கெடுக்கவில்லை. கெடுத்தவன் நான்.

நான் முப்பத்து மூன்று வருஷம் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். முட்டை ஓட்டை வினிகரில் போட்டு, அது நுரைத்துக் கரைவதைக் காட்டி, வாயில் தங்கும் சர்க்கரை அமிலமாக மாறினால் பல்லுக்கும் இதே கதிதான் என்று ஒவ்வொரு ஆண்டும் முதலாண்டு மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

என் வீடு மயிலாப்பூரில், கடற்கரைக்குப் போகும் பக்கத்தில். எங்கள் மாதா கோயில் பங்கில் மூன்று தலைமுறையாக ஆசிரியர் குடும்பம் என்று பெயர். என் மனைவி மகளின் திருமணத்துக்கு ஒரு வருஷம் முன்பு இறந்தாள். மகள் மாப்பிள்ளையைத் தானே தேர்ந்தெடுத்தாள். அவர் கோடம்பாக்கத்தில் ஒரு டப்பிங் தியேட்டரில் சவுண்ட் இன்ஜினியர். எங்கள் கோயில் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் பாடல்களைப் பதிவு செய்ய வந்தவர். அவருடைய அப்பா ஸ்டூடியோக்களில் லைட்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குச் சம்மதம் என்று வாயால் சொன்னேன். முகம் வேறு சொல்லியிருக்க வேண்டும். மகள் ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

முதல் பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்பது எங்களிடம் உள்ள வழக்கம். அம்மா இல்லாத வீட்டுக்கு எப்படி வருவாள் என்று உறவில் எல்லோரும் தயங்கினார்கள். நான் பிடிவாதமாக இருந்தேன். சமையலுக்கு ஒருவரையும், குழந்தையைக் குளிப்பாட்ட ஒருவரையும் ஏற்பாடு செய்தேன். தாய் செய்வதையெல்லாம் தகப்பனாலும் செய்ய முடியும் என்று காட்ட வேண்டும் என்று ஒரு வீம்பு.

குழந்தை அழுதாள். வயிறு நிறைந்த பிறகும் எதையாவது சப்பிக்கொண்டே இருக்க வேண்டும் அவளுக்கு. என் மகளுக்கு மார்க்காம்பு வெடித்துப் புண்ணாகிவிட்டது. பால் கொடுக்க உட்காரும்போதே கண்ணில் நீர் வந்துவிடும். அப்பாவிடம் இதையெல்லாம் சொல்ல முடியாமல் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு மாதம் கழிந்ததும் மருமகன் குழந்தை மருத்துவரைக் கேட்டுவிட்டு ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். கடையில் பாசிஃபையர் என்று கேட்டு வாங்கியிருந்தார். வீட்டில் நாங்கள் அதை நிப்பிள் என்றுதான் சொன்னோம்.

எனக்குப் பிடிக்கவில்லை. "எங்க வீட்டுல யாரும் ரப்பர் சப்பி வளரல" என்றேன்.

"எங்க வீட்டுலயும் இல்ல மாமா" என்றார் அவர். "எங்கப்பா சட்டைக் காலரைச் சப்பிக்கினுதான் நான் வளந்தேன். அவருகிட்ட ஒரு சட்டைக்கும் காலர் உருப்படியா இருக்காது."

என் மகள் சிரித்தாள். வீட்டுக்கு வந்து பல நாட்களுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அதை உண்டாக்கியவர் நான் இல்லையே என்று எனக்கு உறுத்தியது.

நிப்பிளால் பலன் இருந்தது. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கு மகள் சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரம் தூங்கினாள். நாலைந்து நாளில் புண் ஆறியது. தடுப்பூசி போடும்போதுகூடக் குழந்தை கொஞ்சம் முனகியதோடு சரி. தொல்லையும் இருந்தது. தூக்கத்தில் அது வாயிலிருந்து நழுவினால் விழித்துக்கொண்டு அழுவாள், எழுந்து போய் வைக்க வேண்டும். ஒரு தடவை கீழே விழுந்தால் மறுபடி கொதிக்க வைக்க வேண்டும். நான் எங்கெங்கோ படித்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். காதில் சீழ் வரும், பல் முன்னால் தள்ளும், தாய்ப்பாலை மறந்துவிடும் என்று. மருமகன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மருத்துவர் சொன்னதைத் தன் கையால் எழுதி என் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். தூங்க மட்டும். கொதிக்க வைத்துக் கொடுக்கவும். கயிறு கட்டக் கூடாது. எதையும் தடவக் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கூடாது. ஒரு வயதில் நிறுத்தவும். 'தேன் கூடாது' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

ஆறு மாத விடுப்பு முடிந்ததும் மகள் தி. நகரில் தன் அலுவலகத்துக்குத் திரும்பினாள். அவர்கள் குடியிருப்பது திருவான்மியூரில். காலையில் அலுவலகம் போகும் வழியில் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு மாலையில் அழைத்துப் போவாள். அந்த ஏற்பாட்டையும் நான்தான் கேட்டு வாங்கினேன். மனைவி போன பிறகு என் பகல்களில் ஒன்றுமே இல்லை. செய்தித்தாள் பத்து மணிக்கு முடிந்துவிடும். குழந்தை வந்த பிறகுதான் எனக்குக் காலை என்று ஒன்றும் மாலை என்று ஒன்றும் மறுபடி வந்தன.

எட்டாவது மாதம் அவள் நிப்பிளைத் துப்ப ஆரம்பித்தாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் சொக்கும், ஆனால் தூங்க மாட்டாள். இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் நாலு மணி வரை அழுகை. தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்து நடந்து எனக்கு முழங்கால் வீங்கியது. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து விசாரித்தார். ஒரு நாள் மாலை என் மகள் என் காலைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு முடியலப்பா. திருவான்மியூர்லயே ஒரு க்ரெச் இருக்கு, அடுத்த மாசத்துலேர்ந்து அங்க விட்டுடறோம்" என்றாள். என் மேல் உள்ள அக்கறையில் சொன்னாள். எனக்கு அது தீர்ப்பு போலக் கேட்டது.

மறுநாள் பகல் இரண்டு மணிக்கு என் இருமலுக்காக வாங்கி வைத்திருந்த தேனை எடுத்தேன். நிப்பிளின் நுனியை அதில் தோய்த்து அவள் வாயில் வைத்தேன். அழுகை சட்டென்று நின்றது. கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். பிறகு சப்பிக்கொண்டே தூங்கிப்போனாள். ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு கோடு போட்ட வரி எனக்கு நேராகத்தான் இருந்தது.

அன்றைக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் செய்தேன்.

மாலையில் மகள் வந்து, தூங்கினாளா என்று கேட்பாள். ஒன்றரை மணி நேரம் என்பேன். அவளால் நம்ப முடியவில்லை. க்ரெச் பேச்சு நின்றுபோனது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, அப்பா கையில் ஏதோ இருக்கிறது, அவரிடம்தான் அழாமல் தூங்குகிறாள் என்று மற்றப் பெண்களிடம் சொன்னாள். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை வாங்கிக்கொண்டு நான் அடக்கமாகச் சிரித்தேன்.

தொட்டில் காலில் எறும்பு வரிசை ஏறியது. மகள் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா இங்க இவ்ளோ எறும்பு?" என்றாள். மழை வரப்போகிறது போலிருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு தினமும் ஐந்து மணிக்கு நிப்பிளைக் கழுவி, குழந்தையின் வாயையும் கையையும் ஈரத்துணியால் துடைத்து, தொட்டில் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணங்கள் வைத்தேன்.

ஒரு வயது நிறைந்ததும் அவர்கள் எழுதி வைத்தபடியே நிறுத்திவிட்டார்கள். வீட்டில் அவள் அதைக் கேட்பதே இல்லை, இவ்வளவு சுலபமாக விட்டுவிடுவாள் என்று நினைக்கவில்லை என்று மகள் சந்தோஷமாகச் சொன்னாள். நிப்பிளை என் கண்ணெதிரே குப்பையில் போட்டாள். நான் மறுநாளே அதே போல இன்னொன்று வாங்கி, என் புத்தக அலமாரியில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் வைத்துக்கொண்டேன். பெற்றவர்கள் அந்தப் பழக்கத்தைச் சரியாகத் தொடங்கிச் சரியாக முடித்துவிட்டார்கள். அதை முடியவிடாமல் வைத்திருந்தது நான்.

ஞாயிறுகளில் குழந்தையைச் சைதாப்பேட்டைக்கு அழைத்துப் போவார்கள். சம்பந்தியும் மனைவியை இழந்தவர்தான். அவர் வீட்டில் குழந்தை தூங்குவதே இல்லை. ஒரு ஞாயிறு நானும் போயிருந்தேன். பல மாதங்களுக்கு முன்பு, நிப்பிள் பழக்கம் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்லிச் சிரித்தார்.

"இன்னா சம்பந்தி, இன்னா மந்திரம் போடுறீங்க? உங்ககிட்ட கம்முனு தூங்குதாம். நான் அந்த ரப்பரக் குடுத்தேன், ஒரு சப்பு சப்பிட்டு என் மூஞ்சிலயே துப்பிச்சு. அப்பால என்னை ஒரு பார்வ பாத்துச்சு பாருங்க, நாள் பேட்டா காசு குடுக்காத மேனேஜரப் பாக்கற மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். "குழந்தைங்ககிட்ட பொறுமை வேணும்" என்றேன் நான். வகுப்பில் பேசும் குரலில் சொன்னேன். அவள் துப்பிய காரணம் எனக்குத் தெரியும். அவர் கொடுத்ததில் தேன் இல்லை.

அவள் நடக்க ஆரம்பித்த பிறகு அவர் சட்டைப் பையில் ஒரே ஒரு தேன்மிட்டாய் இருக்கும். அவள் ஓடிப்போய்ப் பையில் கை விடுவாள். வாரத்துக்கு ஒன்று. அவர் மறைத்துச் செய்யவில்லை. எல்லோர் எதிரிலும் கொடுத்தார்.

ஒன்றே முக்கால் வயதில் மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. சுண்ணாம்பு போலிருந்தது. எனக்குப் பார்த்தவுடனே புரிந்தது. பால் ஒட்டியிருக்கிறது என்று மகளிடம் சொன்னேன். இரண்டு மாதத்தில் அது பழுப்பானது. ஒரு பல்லின் ஓரம் பிஸ்கட் போல உதிர்ந்தது. சாப்பிடும்போது அழ ஆரம்பித்தாள். தி. நகரில் ஒரு பல் மருத்துவரிடம் போனோம். மருமகனுக்கு அன்றைக்கு வேலை. மகளும் நானும்தான். நான் குழந்தையின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மருத்துவர் இளம் பெண். பாட்டிலோடு தூங்குவாளா என்று கேட்டார். இல்லை என்றாள் மகள். நிப்பிள்? ஒரு வயதிலேயே நிறுத்திவிட்டோம் என்றாள். மருத்துவருக்குப் பிடிபடவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"பகல்ல நீங்கதானே சார் பாத்துக்கறீங்க? தூங்கறப்ப வாயில ஏதாவது இனிப்பு வைக்கற வழக்கம் உண்டா? சில வீட்டுல தேன், சக்கரத் தண்ணி தொட்டுக் குடுப்பாங்க."

"இல்லையே" என்றேன். "தண்ணி மட்டும்தான்."

"அப்பா கெமிஸ்ட்ரி புரொபசர் டாக்டர்" என்றாள் மகள்.

"அப்ப சாருக்கு நான் சொல்ல வேண்டியதே இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார்.

வேறு என்ன இனிப்பு போகிறது என்று கேட்டபோதுதான் மகள் ஞாயிற்றுக்கிழமை மிட்டாயைச் சொன்னாள். வாரத்துக்கு ஒரு மிட்டாயால் இவ்வளவு வராது, அடிக்கடி ஏதோ போயிருக்க வேண்டும் என்றார் மருத்துவர். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒன்று என்று சொல்லிவிட்டு மாமா நிறையக் கொடுத்திருக்கிறார் என்று அவள் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அந்த விரல் போய்விடும் என்று தோன்றியது.

அன்று மாலை நிப்பிளையும் டப்பாவையும் செய்தித்தாளில் சுற்றி, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த குப்பைத்தொட்டியில் போட்டேன். தேன் பாட்டிலை அலம்பி வைத்தேன்.

மகள் சைதாப்பேட்டைக்குப் போய்க் கேட்டபோது நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒன்றுதான் கொடுத்தேன் என்று அவர் சொன்னாராம். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை மாமா என்று இவள் சொன்னாளாம். ஒன்றுதாம்மா என்று அவர் மறுபடி சொன்னாராம். மருமகன் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கணவன் மனைவிக்குள் கொஞ்ச காலம் பேச்சு குறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பயணமும் குறைந்தது. உங்கள் சம்பந்தி பொய் சொல்கிறார் என்று என் மகள் என்னிடம் வந்து அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

இரண்டரை வயதில், அடையாறில் ஒரு மருத்துவமனையில், மயக்க மருந்து கொடுத்து நான்கு பற்களையும் எடுத்தார்கள். அவ்வளவு சின்ன உடம்பை மயக்கத்தில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போவதை நான் பார்த்தேன். கதவு மூடியதும் மகளும் மருமகனும் கதவை ஒட்டி நின்றார்கள். நான் பெஞ்சுக்குப் போனேன். பெஞ்சின் மறு கோடியில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை.

என் பக்கத்தில் நகர்ந்து வந்தார். வெகுநேரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நான்தான் சம்பந்தி கெட்த்துட்டேன்" என்றார். "ஒண்ணுதான் குடுத்தேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். ரெண்டு மூணு குடுத்துட்டேனோ இன்னாவோ. வயசாயிடுச்சில்ல, நெனப்பு நிக்க மாட்டேங்குது. டாக்டரம்மா படிச்சவங்க, அவங்க பொய்யா சொல்லப்போறாங்க."

நான் செய்ததை எழுதுகிறேன். அவர் தோளில் கை வைத்தேன்.

"விடுங்க சம்பந்தி. தெரியாம செஞ்சதுதானே. ஆண்டவர் மன்னிப்பார்."

அவர் என் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கை ஈரமானது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

தேன் கொடுத்தது தப்பு. பல் மருத்துவரிடம் பொய் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. ஆனால் இன்றைக்கும் பகலில் படுத்தால் என்னை எழுப்பி உட்கார வைப்பது அந்த பெஞ்சுதான். குற்றமே செய்யாத மனிதருக்கு, குற்றம் செய்த நான் மன்னிப்பு கொடுத்தேன். அவர் அதை நன்றியோடு வாங்கிக்கொண்டார்.

அந்த வருஷத் தவக்காலத்தில், பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சின்ன வயதிலிருந்து பழகிய வரிசையில் சொன்னேன். கோபப்பட்டேன் சாமி, பூசைக்கு ஒரு முறை போகவில்லை, பொய் சொன்னேன். பொய் என்ற சொல்லைக் கோபத்துக்கும் சோம்பலுக்கும் பக்கத்தில் வைத்து வேகமாகச் சொல்லிவிட்டேன். யாரிடம், என்ன பொய், அதனால் யாருக்கு என்ன ஆனது என்று சாமியார் கேட்கவில்லை. கேட்காதபடிதான் சொன்னேன். பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். வெளியே வந்தபோது கடல் காற்று அடித்தது. உடம்பு லேசாக இருப்பதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வசதி. சொல்ல வேண்டியவரிடம் சொல்லாமலே சொல்லிவிட்டதாக எழுந்து வந்துவிடலாம்.

சம்பந்தி குழந்தையைப் பார்க்க வந்தால் வாசலோரம் நிற்பார். அவள் ஓடிப்போய்ப் பையில் கையை விட்டால், பையை வெளியே இழுத்து, ஒன்றும் இல்லை என்று காட்டுவார். அவளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. அவருக்கு அது விளையாட்டில்லை. எங்கள் எல்லோர் முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் பையை உள்ளே தள்ளுவார்.

பல் எடுத்து ஒரு வருஷம் ஆகிற சமயத்தில் மாரடைப்பில் போய்விட்டார். நல்லடக்கம் முடிந்து சைதாப்பேட்டை வீட்டில் உட்கார்ந்திருந்தோம். மருமகன் எல்லோருக்கும் காப்பி கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது, "சக்கர போட்டிருக்கேன் மாமா, இந்த வீட்டுல ஒரு வருஷமா சக்கரையே இல்ல, இப்பதான் வாங்கியாந்தோம்" என்றார். அப்பாவுக்குச் சர்க்கரை நோயா என்று கேட்டேன். இல்லையாம். பல் எடுத்த நாளிலிருந்து அவர் எதிலும் இனிப்பு சேர்த்துக்கொள்ளவில்லையாம். ஏன் என்று கேட்டால், பாப்பாவுக்குப் பல் முளைக்கட்டும், அப்பால போட்டுக்கிறேன் என்பாராம். முன்பல் முளைக்க ஆறேழு வயது ஆகும் என்று மகன் சொல்லியிருக்கிறார். ஆகட்டும், நான் எங்க போறேன் என்றாராம்.

என் பரிகாரம் மூன்று மரியே. அவருடையது ஒரு வருஷம். நான் அந்தக் காப்பியைக் குடித்தேன். அன்றைக்கும் சொல்லவில்லை.

சொன்னது அதற்குப் பல மாதம் கழித்து. ஒரு ஞாயிறு, திருவான்மியூர் வீடு. எல்.கே.ஜி.யில் அவரவர் தாத்தாவைப் பற்றிச் சொல்லச் சொன்னார்களாம். என் தாத்தா மிட்டாய் குடுத்து என் பல்லைக் கெடுத்தார், செத்துப்போயிட்டார் என்று இவள் சொல்லியிருக்கிறாள். டீச்சர் போன் செய்து சொன்னார் என்று மகள் பாதிச் சிரிப்போடு சொன்னாள். மருமகன் சாப்பாட்டிலிருந்து எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். கை கழுவவில்லை. அவருடைய முதுகைப் பார்த்தேன். அந்த மனிதரைப் பற்றிக் குழந்தைக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு வாக்கியம்தான். அவள் வளர வளர மற்றதெல்லாம் மறந்துபோகும், இது மட்டும் நிற்கும். எனக்கு அன்றைக்குத்தான் அது உறைத்தது.

குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரையும் உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னேன். தேன், டப்பா, பல் மருத்துவர், பெஞ்சு எல்லாவற்றையும். இந்த முறை வரிசையில் ஒளித்து வைக்கவில்லை.

மகள் முதலில் கேட்டது, "எத்தனை நாள்ப்பா?"

"ஒரு வருஷத்துக்கு மேல. தினமும்."

"அந்த எறும்பு" என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்துவிட்டு, "அவரைப் பொய்யர்னு சொன்னேனே" என்றாள். அது என்னைப் பார்த்துச் சொன்னது இல்லை.

மருமகன் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெகுநேரம் தட்டில் காய்ந்துபோன சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே மாமா" என்றார். "அவர் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாரு. சிரிச்சிருப்பாரு."

அது எனக்கும் தெரியும். பிறகு அவர் எழுந்தார். "எங்ககிட்ட சொல்லிட்டீங்க. பாப்பாகிட்ட யார் சொல்றது?"

நான் சொல்கிறேன் என்றேன். ஆனால் கல்லறைத் திருநாள் வரை தள்ளிப்போட்டேன்.

அன்று காலையிலேயே கல்லறைத் தோட்டத்தில் கூட்டம். கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியின் கல்லறைக்கு இன்னும் சிமென்ட் போடவில்லை. மண்மேடும் மரச் சிலுவையும்தான். மருமகன் புல்லைப் பிடுங்கி, தண்ணீர் தெளித்து மண்ணைத் தட்டினார். குழந்தை சாமந்தியைக் கிள்ளிக் கிள்ளித் தூவினாள். நான் சிரமப்பட்டு மண்ணில் முழங்காலிட்டு, அவள் உயரத்துக்கு வந்தேன்.

"பாப்பா, உன் பல்லைக் கெடுத்தது சைதாப்பேட்டை தாத்தா இல்ல. நான்தான். நீ குட்டியா இருக்கறப்ப தூங்கறதுக்காக உன் வாயில தேன் வெச்சேன். வைக்கக் கூடாதுன்னு உங்க அப்பா சொல்லியிருந்தாரு. நான் கேக்கல. யார் கேட்டாலும் இல்லன்னு பொய் சொன்னேன்."

அவள் என்னையும் மண்மேட்டையும் பார்த்தாள். "அப்ப அந்தத் தாத்தா மிட்டாய் குடுக்கலையா?"

"குடுத்தாரு. ஞாயித்துக்கிழமை ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

என் மகள் திரும்பி நின்றுகொண்டாள். குழந்தை யோசித்துவிட்டு, கையில் மீதியிருந்த பூவை ஒரே இடத்தில் குவித்து வைத்தாள். நான் எழ முயன்றேன், முடியவில்லை. மருமகன் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

வெளியே வரும்போது வாசலில் மெழுகுவத்தி விற்கிற அம்மா குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, "இன்னாடி கண்ணு, பல்லெல்லாம் எங்க?" என்றாள்.

"சைதாப்பேட்டை தாத்தா மிட்டாய்…" என்று பழக்கத்தில் ஆரம்பித்தவள் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இல்ல. இந்தத் தாத்தா தேன் வச்சாரு. பொய் சொன்னாரு."

அந்த அம்மா என்னைப் பார்த்தாள். வெள்ளை வேட்டி, மூக்குக் கண்ணாடி, கையில் ஜெபமாலை.

"ஆமாம்மா" என்றேன். "நான்தான்."

குழந்தை இப்போது பள்ளி விட்டதும் திருவான்மியூரில் க்ரெச்சுக்குப் போகிறாள். அது மகள் எடுத்த முடிவு, சரியான முடிவு. ஞாயிறுகளில் பூசைக்குப் பிறகு ஒரு மணி நேரம் அவளைப் பார்க்கிறேன். காப்பியில் சர்க்கரையை விட்டுவிடலாம் என்று சில நாள் முயன்றேன். அவருடையதைத் திருடுகிற மாதிரி இருந்தது, நிறுத்திவிட்டேன். யாராவது பல்லைப் பற்றிக் கேட்டால் சில நாள் அவளுக்குப் பழைய பதிலே வந்துவிடுகிறது. ஒன்றரை வருஷம் சொன்ன பாடம் அது, சீக்கிரம் போகாது. அப்போது நான் அவள் பக்கத்தில் இருந்தால் திருத்துகிறேன். இல்லாத நாட்களில் அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாது.